குருவில்லா ஊரில் கிறிஸ்து பிறப்பு விழா



விழா மலர் ஒன்றைக் கையில் எடுத்தால் அதில் என்னென்ன இருக்கும் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. ஆயர் அவர்களின் ஆசிச் செய்தி இருக்கும். ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டிய நாளும், ஆலயம் மந்திரிக்கப்பட்ட நாளும், மணிக்கூண்டு எழுந்த ஆண்டும் இருக்கும். பணியாற்றிச் சென்ற பங்குக் குருக்களின் படங்கள் வரிசையாக இருக்கும். இவை யாவும் இருக்க வேண்டியவையே. நன்றி மறவாதிருப்பது நம் கடமை.

ஆனால் இவற்றோடு ஒரு பங்கின் வரலாறு முடிந்துவிடுகிறதா? ஆலயம் இடிக்கப்பட்டு, மணி மௌனமாகி, குருவும் இல்லாமற் போனால், பங்கு என்ற ஒன்று மிஞ்சுமா? மிஞ்சும் என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 221 ஆண்டுகள் ஒரு குருவின் முகத்தையும் காணாத ஓர் ஊர் மக்கள், ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்து பிறப்பு விழாவைத் தங்கள் வீட்டுக்குள் கொண்டாடி வந்தார்கள். ஜப்பான் நாட்டில் நாகசாகி நகரை அடுத்த உரகாமி என்பது அவ்வூர். அவ்வூரின் கதையை இவ்விழா வேளையில் நம் பங்குக் குடும்பங்களின் சிந்தனைக்கு வைக்க விரும்புகிறோம்.

விதைத்தவர் நமக்கும் உரியவர்

அந்த மண்ணில் விதையை ஊன்றியவர் நமக்கு அந்நியர் அல்லர். 1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியாரே அவர். நம் கடற்கரைச் சிற்றூர்களில் அவர் கையாண்ட முறையை அவருடைய கடிதங்கள் கூறுகின்றன. இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தையும், கர்த்தர் கற்பித்த செபத்தையும், கற்பனைகளையும் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்தார். பின்னர் சிறுவர் சிறுமியரைக் கூட்டி வரிவரியாகச் சொல்லிக் கொடுத்தார். அப்பிள்ளைகளே வீட்டிற்குச் சென்று தாய் தந்தையர்க்கும் அண்டை வீட்டார்க்கும் கற்பிக்க வேண்டும் என்று பணித்தார். குரு ஓர் ஊரில் சில நாட்களே தங்க முடியும், வீடோ என்றும் இருக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அதே சவேரியார் 1549 ஆகஸ்ட் 15, தேவமாதா விண்ணேற்பு விழா நாளன்று, ஜப்பானின் ககோஷிமா துறையில் இறங்கினார். அவரும் அவருக்குப் பின் வந்த சேசு சபையினரும் பிற துறவியரும் உழைத்த உழைப்பால் திருச்சபை அங்கு விரைந்து வளர்ந்தது. நாகசாகிப் பகுதி அதன் இதயம் எனலாயிற்று.

புயல் வீசிய காலம்

அந்த வளர்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1587-இல் நாட்டை ஆண்ட ஹிடெயோஷி, வேதபோதகர்கள் வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டார். 1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகிக் குன்றின் மேல் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டு மாண்டனர். அவர்களுள் பன்னிரண்டு வயதுச் சிறுவனும் ஒருவன். 1614-இல் நாடு முழுவதும் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது. ஆலயங்கள் தரைமட்டமாயின. 1644-இல் எஞ்சியிருந்த கடைசிக் குருவும் வேதசாட்சியாக மரித்தார். அதன் பின் ஜப்பானில் திருப்பலி நிறைவேற்ற ஒருவரும் இல்லை.

அரசின் பிடி வீடு வரை நீண்டது. ஐந்து வீடுகள் ஒரு குழுவாக்கப்பட்டு, ஒரு வீட்டின் குற்றத்திற்கு ஐந்து வீடும் பொறுப்பு என விதிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பமும் ஏதாவதொரு பௌத்த ஆலயத்தில் பெயர் பதிய வேண்டும். குருவைக் காட்டிக் கொடுப்போருக்கு 500 வெள்ளிக் காசுகள் பரிசு என்று தெருமுனைகளில் பலகைகள் தொங்கின. எல்லாவற்றிலும் கொடியது ‘ஃபுமியே’ என்னும் சோதனை. நம் ஆண்டவர் அல்லது தேவதாயின் உருவம் பொறித்த தகட்டைத் தரையில் வைத்து, அதன் மேல் காலால் மிதிக்கச் சொல்வார்கள். நாகசாகிப் பகுதியில் இச்சோதனை ஆண்டுதோறும் புத்தாண்டு மாதத்திலேயே நடந்தது. ஊரெல்லாம் புத்தாண்டு மகிழ்ச்சியில் இருக்கும்போது, ஒளிந்து வாழ்ந்த விசுவாசிகளின் வீட்டிலோ அந்நாள் நெஞ்சைப் பிளக்கும் நாளாயிற்று.

பலர் மறுத்து உயிர் துறந்தனர். பலர் மிதித்தனர். மிதித்தவர்கள் வீடு திரும்பி, கதவை அடைத்து, முழந்தாளிட்டு, உத்தம மனஸ்தாப மந்திரத்தைக் கண்ணீரோடு சொன்னார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்கக் குரு இல்லாத வேளையில் உத்தம மனஸ்தாபத்தால் பாவப் பொறுத்தல் பெறலாம் என்று விளக்கும் சிறு நூல் ஒன்றை 1603-இல் அங்கிருந்த ஆயர் எழுதி வைத்திருந்தார். அந்நூலைக் கைப்பிரதியாக எழுதி, தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். அவர்களை நாம் எளிதாகக் குறை கூறிவிட வேண்டாம். வாள்முனை நம் பிள்ளைகளின் கழுத்தில் வைக்கப்பட்டதில்லை.

வீட்டுக்குள் ஒரு நாட்காட்டி

குரு இல்லை, ஆலயம் இல்லை, வேதாகமம் இல்லை. பின் எதைக் கொண்டு விசுவாசத்தைக் காத்தார்கள்? திருநாட்களைக் கொண்டு காத்தார்கள் என்பதே விடை.

பஸ்தியான் என்னும் ஜப்பானிய உபதேசியார், 1634-ஆம் ஆண்டிற்குரிய திருவழிபாட்டு நாட்காட்டி ஒன்றை விட்டுச் சென்றார் என்பது அம்மக்களின் மரபு. ஏழு தலைமுறைகளுக்குப் பின் பெரிய கப்பலில் குருக்கள் வருவார்கள் என்று அவர் சொல்லிச் சென்றதாகவும் நம்பினர். உரகாமி ஊரார் தமக்குள் மூன்று வகைப் பணியாளரை ஏற்படுத்திக் கொண்டனர். ‘சோகதா’ என்பவர் நாட்காட்டியைப் பேணி, திருநாள் எது, ஒருசந்தி எது, ஞாயிறு எது என்று கணித்துச் சொல்வார். ‘மிசுகதா’ என்பவர் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார். ‘கிகியாகு’ என்பவர் சோகதாவின் செய்தியை ஒவ்வொரு தெருவிற்கும் கமுக்கமாகக் கொண்டு செல்வார். இவர்கள் யாவரும் ஏர் உழுத குடியானவர்கள். பகலில் வயலில் நின்றவர்களே இரவில் திருச்சபையைத் தாங்கினர்.

மற்றவற்றை வீட்டார் பார்த்துக் கொண்டனர். திருநாள் அன்று தையல் வேலையைத் தவிர்ப்பது போன்ற சிறு கட்டுப்பாடுகளால் பெண்கள் அந்நாளை மற்ற நாட்களிலிருந்து பிரித்துக் காட்டினர். சீனாவிலிருந்து வந்த வெள்ளைப் பீங்கான் ‘கன்னோன்’ பொம்மைகள் குழந்தையைக் கையில் ஏந்திய தாய் போலத் தோன்றியதால், அவற்றின் முன் அமர்ந்து அருள் நிறைந்த மரியே மந்திரத்தை முணுமுணுத்தனர். ‘ஓரஷோ’ எனப்பட்ட அந்தச் செபங்களில் இலத்தீன், போர்த்துக்கீசியச் சொற்கள் அப்படியே கலந்திருந்தன. ஒருவர் இறந்தால் சட்டப்படி பௌத்த குருவை அழைத்தாக வேண்டும். அவர் ஓர் அறையில் ஓதும்போது, அடுத்த அறையில் குடும்பத்தார் தங்கள் செபத்தைச் சொன்னார்கள்.

கிறிஸ்து பிறப்பு விழாவை, உறைபனி மாதம் எனப்படும் பதினோராம் மாதத்தின் 25-ஆம் நாள் கொண்டாடினர். குடில் வைக்க வழியில்லை. விண்மீன் விளக்கு தொங்கவிட்டால் தலை போய்விடும். நள்ளிரவில் உறவினர் ஒரு வீட்டில் கூடி, ஆண்டவர் மாட்டுத் தொழுவில் பிறந்த கதையை முதியவர் சொல்ல, மற்றவர் கேட்டனர். வாய்வழியே வந்த அந்தக் கதையை அவர்கள் பின்னாளில் எழுதியும் வைத்தனர். குளிரில் நடுங்கிய பாலனுக்கு மாடும் குதிரையும் மூச்சுக் காற்றால் வெப்பமூட்டின என்று அதில் வருகிறது. மூன்று அரசர்கள் துருக்கி, மெக்சிகோ, பிரான்ஸ் நாடுகளிலிருந்து வந்தார்கள் என்றும் வருகிறது. படித்தால் புன்னகை தோன்றலாம். ஆனால் வேதாகமத்தைக் கண்ணால் காணாத ஏழு தலைமுறைப் பாட்டன் பாட்டிமார் பெத்லகேமை மறக்கவில்லை என்பதற்கு அப்பிழைகளே சான்று.

தவக்காலத்தின் பதினேழாம் நாள்

வெளிநாட்டாருக்கு ஜப்பானின் கதவு மீண்டும் திறந்தபோது, பாரிஸ் அந்நிய வேதபோதக சபையினர் நாகசாகிக்கு வந்தனர். நம் புதுவையிலும் சேலத்திலும் கும்பகோணத்திலும் உழைத்த அதே சபையார்தாம் இவர்கள். வெளிநாட்டார் வழிபடுவதற்கென 1865-இல் ஓவுரா என்னுமிடத்தில் ஆலயம் ஒன்றை எழுப்பினர். ஜப்பானியருக்குத் தடை அப்போதும் நீங்கவில்லை.

1865 மார்ச் 17, வெள்ளிக்கிழமை. ஆலய வாயிலில் பத்துப் பதினைந்து பேர் நிற்பதைக் கண்ட பெத்திஜான் சுவாமியார் கதவைத் திறந்துவிட்டு, நற்கருணைப் பேழைக்கு முன் முழந்தாளிட்டார். ஒரு பெண் அருகில் வந்து, தங்கள் அனைவரின் இதயமும் அவருடைய இதயமும் ஒன்றே என்று தாழ்ந்த குரலில் சொன்னார். தேவதாயின் சுரூபம் எங்கே என்று கேட்டார். குழந்தையை ஏந்திய அன்னையின் சுரூபத்தைக் கண்டதும் அவர்களுக்கு முதலில் நினைவிற்கு வந்தது கிறிஸ்து பிறப்பு விழாவே. உறைபனி மாதத்தின் 25-ஆம் நாள் நள்ளிரவில் ஆண்டவர் தொழுவில் பிறந்ததைத் தாங்கள் கொண்டாடுவதாகக் கூறினர். இப்போது துக்க காலம், இன்று அதன் பதினேழாம் நாள் என்றும் கூறினர்.

அவ்வாண்டு விபூதிப் புதன் மார்ச் 1. அதிலிருந்து எண்ணினால் மார்ச் 17 சரியாகப் பதினேழாம் நாள். ஏழு தலைமுறைகள் குருவின்றி, அச்சிட்ட நாட்காட்டியின்றி வாழ்ந்த குடியானவர்களின் கணக்கு, பிரான்சிலிருந்து வந்த குருவின் கணக்கோடு ஒரு நாள் கூடப் பிசகாமல் நின்றது. இதை எண்ணும்போதெல்லாம் நம் உள்ளம் சிலிர்க்கிறது.

மீண்டும் ஒரு சோதனை

மறைந்திருந்தவர்கள் வெளியே வந்ததும் அரசு மீண்டும் சீறியது. 1867-இல் கைதுகள் தொடங்கின. அடுத்த சில ஆண்டுகளில் உரகாமி ஊரார் சுமார் 3,400 பேர் ஊரோடு பெயர்க்கப்பட்டு, நாட்டின் பல மூலைகளுக்கு நாடு கடத்தப்பட்டனர். குடும்பங்கள் பிரிக்கப்பட்டன. பட்டினியாலும் சித்திரவதையாலும் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1873-இல் தடை நீங்கி எஞ்சியோர் ஊர் திரும்பியபோது வயல்கள் புதராகிக் கிடந்தன. அந்தக் கொடுமையை அவர்கள் ‘பயணம்’ என்ற ஒரே சொல்லால் குறித்தனர்.

திரும்பி வந்தவர்கள் செய்த காரியம் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். ஆண்டுதோறும் தங்களைத் திருவுருவத்தை மிதிக்கச் செய்த ஊர்த்தலைவரின் மனை விலைக்கு வந்தபோது, வறுமையிலும் பணம் சேர்த்து அதை வாங்கினர். தங்கள் முன்னோர் அழுத அதே இடத்தில் ஆலயம் எழுப்பினர். 1895-இல் தொடங்கிய கட்டட வேலை 1914-இல் நிறைவேறியது. 1925-இல் இரட்டைக் கோபுரங்கள் எழுந்தன.

இரண்டு கிறிஸ்து பிறப்பு இரவுகள்

உரகாமியின் சோகதா மரபில் வந்த மோரியாமா குடும்பத்தில், தகாஷி நாகாய் என்னும் மருத்துவ மாணவர் வாடகைக்குத் தங்கியிருந்தார். கடவுள் நம்பிக்கை இல்லாதவர். 1932-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு முந்திய இரவில், வீட்டுப் பெரியவர் அவரையும் நள்ளிரவுத் திருப்பலிக்கு அழைத்தார். வாதம் செய்யவில்லை, போதனை செய்யவில்லை. விழா நாளில் வீட்டிலுள்ளவரை உடன் அழைத்துச் செல்லும் பழக்கத்தையே செய்தார். அந்த இரவு நாகாயின் உள்ளத்தில் ஒரு விதையை ஊன்றியது. 1934-இல் ஞானஸ்நானம் பெற்று, அவ்வீட்டு மகள் மிதோரியை மணந்தார். கதிரியக்க மருத்துவரானார். அப்பணியே அவருக்கு இரத்தப் புற்றுநோயைக் கொணர்ந்தது.

1945 ஆகஸ்ட் 9. தேவமாதா விண்ணேற்பு விழாவிற்குத் தயாரிப்பாக உரகாமி ஆலயத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்கப்பட்டுக் கொண்டிருந்தது. காலை 11 மணி 2 நிமிடத்திற்கு அணுகுண்டு வெடித்தது. ஆலயத்திலிருந்த குருக்களும் மக்களும் அங்கேயே மாண்டனர். அப்பங்கின் ஏறத்தாழ 12,000 கத்தோலிக்கருள் சுமார் 8,500 பேர் உயிரிழந்தனர். இருநூற்றைம்பது ஆண்டுத் தடையால் அழிக்க முடியாத பங்கின் பெரும்பகுதி ஒரு நொடியில் சாம்பலாயிற்று. காயத்தோடு பிறருக்குச் சிகிச்சை செய்த நாகாய், தம் வீட்டிற்குத் திரும்பியபோது, சமையலறை இருந்த இடத்தில் மனைவியின் எலும்புகளையும், அவற்றோடு உருகிய செபமாலையையும் கண்டார்.

அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழா வந்தது. ஆலயம் செங்கற் குவியலாகக் கிடந்தது. எஞ்சியவர் தகரக் குடிசைகளில் நடுங்கிக் கொண்டிருந்தனர். புத்தாடை ஏது, பலகாரம் ஏது? அவர்கள் இடிபாடுகளைத் தோண்டினார்கள். கோபுரத்திலிருந்து விழுந்த மணிகளுள் ஒன்று உடையாமல் புதைந்திருந்தது. மரக்கால்கள் நாட்டி அதைத் தொங்கவிட்டு, டிசம்பர் 24 இரவு அடித்தார்கள். தாயை இழந்த பிள்ளைகளும் பிள்ளைகளை இழந்த தாய்மாரும் அவ்வொலியைக் கேட்டனர். எந்த இரவிலும் விடாத திருநாளை அந்த இரவிலும் அவர்கள் விடவில்லை. நாகாய் தம் இரு பிள்ளைகளோடு சிறு குடிலில் நோயாளியாகப் படுத்தபடியே எழுதி, 1951 மே முதல் நாள் மரித்தார். ஆலயம் 1959-இல் மீண்டும் எழுந்தது. உடைந்து போன மற்றொரு மணிக்குப் பதிலாக, அமெரிக்கக் கத்தோலிக்கரின் கொடையால் வார்க்கப்பட்ட புதிய மணி, 2025 ஆகஸ்ட் 9 அன்று பழைய மணியோடு சேர்ந்து ஒலித்தது. குண்டு வீசிய நாட்டு மக்களின் காணிக்கை அது.

நமக்கு ஒரு கேள்வி

இக்கதையில் ஒரு நிழலும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 1865-க்குப் பின் மறைந்திருந்தோர் அனைவரும் திருச்சபையோடு இணையவில்லை. முன்னோர் தந்த வழக்கமே போதும் என்று ஒதுங்கி நின்றவர் பலர். இக்கிட்சுக்கி போன்ற தீவுகளில் அவ்வழக்கம் தொடர்ந்தது. செபங்களின் சொற்கள் காக்கப்பட்டன, பொருள் பெரும்பாலும் மறைந்தது. இன்று அவற்றைச் சொல்லத் தெரிந்தோர் மிகச் சிலரே. பழக்கம் இல்லாத விசுவாசம் கூரையில்லா விளக்கு, காற்றில் அணைந்துவிடும். பொருள் தெரியாத பழக்கமோ எண்ணெய் வற்றிய விளக்கு. இரண்டும் சேர வேண்டும். வீடு காக்க வேண்டும், திருச்சபை கற்பிக்க வேண்டும்.

இவ்விடத்தில் நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறோம். குருமடத்தில் நாம் பயின்றபோது, திருச்சபை வரலாறு என்றால் சங்கங்களும் திருத்தந்தையரும் துறவற சபைகளும் என்றே எண்ணினோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று அழைத்ததைத் தேர்விற்காகப் படித்தோம். ஆனால் வீடு மந்திரிக்கச் செல்லும்போது நாம் கேட்பது என்ன? ஞாயிறு பூசைக்கு வருகிறீர்களா, வரி கட்டினீர்களா, பிள்ளை மறைக்கல்விக்கு வருகிறதா என்பவையே. பாட்டி பேரனுக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறார் என்று கேட்டதில்லை. களிமண் பிசைந்து பிள்ளைகள் செய்த குடிலைப் பார்க்க நின்றதில்லை. அவற்றைச் சிறு பிள்ளை விளையாட்டு என்று கடந்து சென்றிருக்கிறோம். உரகாமி நம்மை வெட்கப்பட வைக்கிறது.

நம் பங்கிலும் கஷ்ட காலம் தெரியாத வீடு இல்லை. வேலை போன வீடு உண்டு. நோய் வந்த வீடு உண்டு. பிழைப்பிற்காகக் கடல் கடந்தவர் இல்லாமல் விழாவைக் கழிக்கும் வீடு உண்டு. 2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றின்போது ஆலயக் கதவுகள் அடைபட்டு, பாஸ்கா விழாவையே நாம் தனித்தனியே கழித்தோம். அந்நாட்களில் எந்த வீட்டில் செபமாலை ஒலித்தது, எந்த வீட்டில் ஒலிக்கவில்லை என்பதை அவரவர் அறிவர். இந்த ஆண்டு துக்கம், ஆகவே விழா இல்லை என்று நம்மவர் சொல்வது வழக்கம். புத்தாடையும் பலகாரமும் வேண்டாமென்று விடுவது நியாயமே. ஆனால் விளக்கேற்றி, பாலன் பிறந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி, ஒன்றாக முழந்தாளிடுவதையும் விட்டுவிட வேண்டுமா? துக்கமுள்ள வீட்டிற்கே அது அதிகம் தேவை அன்றோ?

ஆகவே இவ்விழா ஆண்டில் ஒவ்வொரு குடும்பத்தையும் ஒன்று வேண்டுகிறோம். வரும் கிறிஸ்து பிறப்பு இரவில் பூசைக்குப் புறப்படுமுன், வீட்டில் மூத்தவர் யாரோ அவர் அமரட்டும். தம் தாய் தந்தையர் இவ்விழாவை எப்படிக் கொண்டாடினர், எந்தக் கஷ்டத்தில் கொண்டாடினர், எந்தச் செபத்தைக் கற்பித்தனர் என்பதைப் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். தனியே வாழும் அண்டை வீட்டாரை அழைத்து உட்கார வைக்கட்டும். அவர் எந்தச் சமயத்தவராயினும் சரி. பிள்ளைகள் அக்கதையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். நாமும் இனி வீடு மந்திரிக்க வரும்போது முதலில் அந்த நோட்டையே கேட்போம்.

ஆலயம் நமக்கு என்றும் இருக்கட்டும், மணி என்றும் ஒலிக்கட்டும் என்பதே நம் செபம். ஆயினும் ஒருநாள் மணி ஒலிக்காமற் போனால், நம் பிள்ளைகள் வீட்டிற்குள் அமர்ந்து, இன்று இன்ன திருநாள் என்று பிசகாமல் எண்ணிச் சொல்லத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். அந்த வரம் நம் பங்கின் ஒவ்வொரு வீட்டிற்கும் கிடைக்க, புனித சவேரியாரும் உரகாமியின் எளிய மக்களும் நமக்காக வேண்டுவார்களாக.

இறை ஆசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை